தவராசாவின் மணிக்கூட்டு மூடி

சோதனைச் சாவடியில் நின்ற இளம் சிப்பாய்க்குத் தவராசாவும் அவர் கையில் கட்டியிருந்த மணிக்கூடும் ஒத்துப்போகவில்லை. துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டிவிட்டு எண்ணெய் மணத்தோடு வரும் ஒருவனிடம் சுவிஸ் நாட்டு மணிக்கூடு எப்படி வந்தது? கழற்றச் சொன்னான். உள்ளே வேறு ஏதும் இருக்குமோ என்று பின்மூடியின் விளிம்பில் கத்தி முனையைக் கொடுத்து நெம்பினான். புரி போட்டு இறுக்கிய மூடி அது. வளைந்து ஒருபக்கம் கிளம்பி நின்றது.

அதற்குள் அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். மூடியில் பொறித்திருந்த ஆங்கில எழுத்தை வாசித்தார். ‘தவராசாவுக்கு, என் மாலுமியின் உயிருக்காக’ என்றிருந்தது. கீழே ஒரு கிரேக்கக் கப்பல் கப்டனின் பெயர். அடையாள அட்டையை வாங்கிப் பெயரை ஒத்துப் பார்த்தார். "போங்க" என்றார்.

தவராசா போனார். கோபப்படவும் உடம்பில் தென்பு வேண்டும். போன வருடம் சண்டையில் சம்பூரை விட்டு ஓடி, வெருகல் தாண்டி, மட்டக்களப்பில் கூடாரத்தில் கிடந்து, கடைசியில் மனைவியோடு அன்புவழிபுரத்தில் ஓர் அறைக்கு வந்து சேர்வதற்குள் அது வற்றிப்போயிருந்தது.

சண்டை தொடங்குவதற்கு முந்திய காலத்துச் சங்கதி அந்த எழுத்து. மாரிக் கடல் கொந்தளித்த ஒரு காலையில், கோதுமைக் கப்பலுக்கும் சரக்கு இறக்கும் பார்ஜுக்கும் நடுவில் ஒரு மாலுமி விழுந்துவிட்டான். இரண்டு இரும்புச் சுவர்களும் மோத வருகையில் தவராசா குதித்து அவனை இழுத்தெடுத்தார். அன்று நசுங்கிய இடக்கைச் சின்னவிரல் பிறகு மடங்கவேயில்லை. அடுத்த முறை கப்பல் வந்தபோது கப்டன் தன் கையாலேயே மணிக்கூட்டைக் கட்டிவிட்டான்.

கடைத்தெருவில் மணிக்கூடு திருத்தும் அபூதாஹிர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, ரெண்டு வழி இருக்கு. கொழும்புக்குச் சொல்லிப் புது மூடி எடுப்பிக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணி போகாது. இல்லாட்டி இதையே தட்டி நேராக்கித் தாறன். மூடும், ஆனா இறுகாது. உப்புக்காத்துப் போனா உள்மெஷினைத் தின்னும்."

"எது நல்லது, அபூதாஹிர் நானா?"

"மணிக்கூட்டுக்குப் புதுசுதான் நல்லது. பழைய மூடியைச் சட்டைப் பையில வச்சிக்கங்க. ஆரும் கேட்டாக் காட்டலாம்."

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுத் தவராசா வீட்டுக்கு வந்தார். மனைவி தங்கேஸ்வரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அபூதாஹிர் சொன்ன இரண்டு வழிகளையும் கேட்டதும், "புதுசைப் போடுங்கோவன். எழுத்தை ஆர் வாசிக்கப்போகினம்? நேரம் பாக்கத்தானே மணிக்கூடு" என்றாள். மனிசனுக்கு இன்னும் அந்தப் பழைய பெருமை போகவில்லை என்று அவளுக்கு எண்ணம்.

"வாசிச்சபடியால்தான் என்னை விட்டவங்கள்."

சாவடியில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். அவள் ஊதுவதை நிறுத்தினாள்.

"எழுத்தில்லாத புது மூடியோட பிடிபட்டா, ஆரிட்டைக் களவெடுத்தனி எண்டுதான் கேப்பாங்கள். தனி மூடியைக் காட்டி, இது இந்த மணிக்கூட்டின்ரதான் எண்டு விளங்கப்படுத்தோணும். எனக்கு இனி ஒருத்தருக்கும் ஒண்டையும் விளங்கப்படுத்த ஏலாது, தங்கேஸ்."

"அப்ப கட்டாமல் வீட்டில வையுங்கோ."

"வீட்டையும்தானே சோதிக்கிறாங்கள்."

அவள் விறகை அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு அவளே சொன்னாள்: "பழைய மூடியே இருக்கட்டும். கடலுக்குக் கொண்டுபோகாதேங்கோ. நான் வச்சிருக்கிறன்."

அபூதாஹிர் தன்னால் இயன்ற மட்டும் நேராக்கிக் கொடுத்தார். மூடியில் ஒரு வடு தெரிந்தது. எழுத்து அப்படியே இருந்தது. அன்றிலிருந்து மணிக்கூடு அடுப்படிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது.

அவர் வேலைக்குப் போனபின் அந்த வீட்டில் அதுவரை நேரம் காட்ட ஒன்றும் இருந்ததில்லை. இருட்டுவதற்குள் அவர் வந்தால் தங்கேஸ்வரிக்குப் போதும். இப்போது அவள் நிமிடம் பார்க்கப் பழகிவிட்டாள். ஒருநாள் துறைமுகத்தில் வெடிச்சத்தம் கேட்டதாம் என்று படையினர் துறைமுக வாசலை மூடிவிட்டார்கள். வேலையாட்களை வரிசையில் நிறுத்திவைத்தார்கள். வீட்டில் அவள் முள் நகர்வதையே பார்த்திருந்தாள். இருட்டியும் அவர் வரவில்லை. அதற்கு மேல் முள்ளைப் பார்க்க முடியாமல் எழுந்து மணிக்கூட்டைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.

தவராசா வந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆணி வெறுமையாக இருப்பதைக் கண்டார். கால் கழுவிவிட்டு வந்து குந்தினார்.

"பயந்திட்டியோ?"

"இல்லை" என்று பொய் சொல்லிச் சோற்றைப் போட்டாள். "நாளைக்கும் போகோணுமோ?"

"ஓம். சீமெந்துக் கப்பல் நிக்குது."

அவர் பாதிச் சோற்றிலேயே கண்ணயர்ந்தார். அவள் தோளைத் தொட்டு எழுப்பி, மீதியையும் சாப்பிட வைத்தாள்.