எருமைக்கு இடமில்லாத விண்ணப்பம்

ஊரார் வெளிநாடு போக இணையத்தில் விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில்; நான் போன அதிகபட்ச தூரம் வால்பாறை. சூலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. பொத்தானை அழுத்திவிட்டு, திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் சின்ன வட்டத்தை நீங்களும் முறைத்துப் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் என் இனம்.

விசைத்தறி வைத்திருக்கும் பழனிசாமி அண்ணனும் அவர் மனைவி ருக்குமணி அக்காவும் ஒருநாள் படியேறி வந்தார்கள். கடல்தாண்டி இருக்கும் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறக்கும்போது அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அனுமதிக்கு ஆறு வாரம் என்றது வலைத்தளம். போதும் என்று நம்பினோம். படித்தவன் நானும் நம்பினேன் என்பதுதான் வெட்கம்.

மூக்குத்தி

அக்காவின் படத்தை ஏற்றினேன். ‘முகத்தில் ஒளி பிரதிபலிக்கிறது’ என்று திருப்பி அனுப்பியது. இரண்டாவது படம், அதே பதில். மூன்றாவதில்தான் புரிந்தது, குற்றவாளி வெள்ளைக்கல் மூக்குத்தி. முப்பது வருஷமாகக் கழற்றாததில் திருகு இறுகிவிட்டது. ஆசாரியிடம்தான் போக வேண்டும் என்றேன்.

அக்கா கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “கண்ணாலத்துக்குப் போட்டதுங்க தம்பி. இவரு மொகத்தையே நான் இத்தன வருசம் சகிச்சுப்போட்டேன், அந்தக் கம்ப்யூட்டரு எம் மூக்கைச் சகிக்காதுங்களா?”

திரும்பி வருவதற்குச் சான்று

ஆசாரி திருகைக் கழற்றிய பிறகு எடுத்த நான்காவது படம்தான் ஏறியது. ஏழாம் பக்கத்தில், ‘நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்பதற்கு ஆதாரம் என்ன?’ என்று ஒரு கேள்வி. கேட்கிற தோரணையைப் பாருங்கள். அழைத்தால் தங்கிவிடுவோம் என்று சந்தேகம்! அதற்கு அவர்களே தரும் பதில்கள் மூன்று: வேலை, சொத்து, படிப்பு. நிலமும் தறியும் அண்ணன் பெயரில். அக்காவுக்கு இருப்பது இரண்டு எருமை. ‘மற்றவை’ என்ற கட்டத்தில் ஐம்பது எழுத்துக்கு மேல் ஏற்க மாட்டார்களாம். மனுசனின் வாழ்க்கையை ஐம்பது எழுத்தில் சுருக்கச் சொல்பவர்கள், விதிமுறைகளை மட்டும் நாற்பது பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அக்காவுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. “நான் வாரலீன்னா எருமை பால் சொரக்காதுங்க, அதுக்கு எங்கையிதான் வேணும், இதைய அப்படியே எழுதுங்க தம்பி.”

பதினொன்று நாற்பது

அன்று வெள்ளிக்கிழமை. பதினொரு பக்கமும் முடிந்தபோது மணி பதினொன்று நாற்பது. கைரேகை பதிந்த பிறகுதான் அந்த ஆறு வாரக் கணக்கு ஓடும். அதற்கு அடுத்த வாரமே ஒரு நாள் காலியாக இருந்தது, தேர்ந்தெடுத்துவிட்டேன். கடைசிப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. “பன்னெண்டு வரைக்கும் ராகுகாலமுங்க. நல்ல காரியம், செத்த இருங்க” என்றார் அக்கா. மூவரும் கையைக் கட்டிக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தோம். இருபது நிமிஷம் தொடாமல் இருந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று எங்கோ பொடியெழுத்தில் படித்த ஞாபகம் எனக்கு. எச்சரிக்காமல் நானும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டு அடித்தது. அக்கா விரலை நீட்டினார். ‘உங்கள் நேரம் முடிந்துவிட்டது’ என்றது திரை. மறுபடி முதலிலிருந்து நிரப்பி முடிப்பதற்குள் அந்த நாளை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அடுத்த காலி நாள் நான்கு வாரம் தள்ளி. விண்ணப்பிப்பவருக்கு இருபது நிமிஷம், பரிசீலிப்பவருக்கு ஆறு வாரம். இதை நியாயம் என்று எந்த ஊர்க்காரன் சொல்வான்?

அண்ணன்தான் பேசினார்: “ஏனுங்க, ராகு போகும்போது நம்ம விசாப் பாரத்தையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாருங்க.”

அனுமதி

கைரேகை பதிந்தபிறகு தினமும் காலையில் வலைத்தளத்தைத் திறப்பேன். ‘பரிசீலனையில் உள்ளது.’ அக்கா கேட்பதையே நிறுத்திவிட்டார். கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது மாடியை நிமிர்ந்து பார்ப்பார். நான் தலையசைப்பேன், இல்லை என்று.

ஒரு திங்கட்கிழமை குழந்தை பிறந்தது. வியாழக்கிழமை அனுமதி வந்தது. ‘பயண நோக்கம்: மகளின் பிரசவத்துக்கு உடனிருத்தல்.’ அச்செடுத்து நீட்டினேன். அக்கா அதை மடித்துப் பையில் வைத்தார். பிறகு கைபேசியில் பேரனின் படத்தைக் காட்டினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

“ஒரு பாரங்கூட நெரப்பாம எனக்கு முன்னாடி உள்ள போயிட்டான் பாருங்க தம்பி!”

என் தொழில் அனுபவத்தில் முதல் தடவையிலேயே எல்லை தாண்டியவன் அந்தப் பயல் ஒருவன்தான், அதுவும் என்னிடம் வராததால்.