தம்பி நின்ற இடம்

மூன்று வருடத்துக்கு முந்தைய மாசி மாதம். ராமநாதபுரத்திலிருந்து உத்தரகோசமங்கை போகும் வழியில், நெல் அறுத்து முடித்த ஒரு வயல்காட்டில் நடந்தது இது. அன்றைக்கு அங்கே நிற்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். நின்றது நான்.

அவருக்கு நாய்ப் பைத்தியம். டவுனில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வந்தால் டிவி கிடையாது, பேச்சு கிடையாது, நாய்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பாயின்டர் குட்டியை வாங்கி வந்து, அதற்குத் தம்பி என்று பேர் வைத்தார். வெள்ளை உடம்பில் காபிப்பொடியைத் தூவிவிட்ட மாதிரி புள்ளிகள். புதருக்குள் பறவை இருக்கும் வாசனை பட்டால் போதும், இந்தச் சாதி நாய் ஒரு முன்னங்காலை மடக்கி, வாலை நீட்டி, அப்படியே நின்றுவிடும். குரைக்காது, பாயாது. மூக்கு மட்டும் பறவை இருக்கும் பக்கம் பார்க்கும்.

இப்படி நிற்பதற்கென்றே போட்டி நடத்துகிறார்கள் என்பது அவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரியும். வேட்டை இல்லை. வேட்டையாடினால் ஜெயில்தான். பண்ணையில் வளர்த்த காடைகளைச் சின்னச் சின்னக் கூண்டுகளில் அடைத்து, வயலில் அங்கங்கே மறைத்து வைப்பார்கள். சுற்றிலும் சிவப்புக் கொடி நட்டிருக்கும். நாய் இருபது நிமிடத்துக்குள் நாலு கூண்டையும் கண்டுபிடித்து, தொடாமல் நின்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் போட்டி.

இந்த அவ்வளவுதானுக்காக எட்டு மாதம் எங்கள் மொட்டை மாடியில் காடைகள் குடித்தனம் நடத்தின. துணி காயப்போட இடமில்லை. வீடு முழுக்க வாடை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "கிலோ என்ன வெலைக்குக் குடுக்கிறீக?" என்று கேட்பார்கள். விற்கவும் மாட்டோம், தின்னவும் மாட்டோம், நாய்க்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறோம் என்று சொன்னால் என் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது, காடைக் கூண்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கிய மனிதர் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு. அப்பாடா, இத்தோடு விட்டது என்றுதான் நினைத்தேன்.

"நீ கூட்டிட்டுப் போ" என்றார்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"ஒனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அவனுக்குத் தெரியும். நீ பின்னாடியே நடந்தாப் போதும்."

முடியாது என்று ரெண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கட்டிலில் கிடந்தபடியே கூண்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தொலைத்தேன்.

ஆட்டோவில் போகும்போதே தம்பி என் மடியில் வாந்தி எடுத்தான். நல்ல சேலை வேறு. இறங்கினால், ஒரே ஆம்பளைக் கூட்டம். மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ தொப்பியும் பூட்ஸுமாக வந்திருந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தொண்டர் ஓடி வந்து, "அக்கா, சமையல் பந்தல் அங்கன இருக்கு" என்று கை காட்டினார். கையில் நாயைப் பிடித்துக்கொண்டா சமைக்க வருவார்கள்? சொன்னேன். அசடு வழிந்தார். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது, தலைமை தாங்க வருகிறவருக்காக ஏழரை வரை நின்றது.

எங்கள் முறை வரும்போது வெயில் ஏறிவிட்டது. அவிழ்த்துவிட்டதும் தம்பி நேராகப் போய் ஒரு கொடிக்கம்பத்தில் காலைத் தூக்கினான். நான் "தம்பி! தம்பி!" என்று கத்தினால், கூட்டத்தில் நின்ற பையன்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரே சிரிப்பு.

ஆனால் ஐந்தாவது நிமிடமே வரப்போரம் ஒரு கூண்டைக் கண்டுபிடித்து நின்றான். அடுத்து இன்னொன்று. நடுவர் கோயம்புத்தூர்க்காரர், வயதானவர். தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. இன்னும் ரெண்டுதான். கோப்பையோடு போய் அவர் கட்டில் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கும்!

அங்கேதான் கிறுக்குப் பிடித்தது அவனுக்கு. வயலை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனான். கொடியைத் தாண்டினான். ஒரு சீமைக்கருவேலம் புதரடியில் காய்ந்த புல்லைப் பார்த்துக் காலை மடக்கி நின்றான்.

"அக்கா, அங்கன நாங்க ஒண்ணும் வைக்கல. இழுத்துட்டு வாங்க. ஏழு நிமிசம்தான் இருக்கு" என்று அந்தத் தொண்டர் கத்தினார்.

கூப்பிட்டேன். வரவில்லை. ஓடிப்போய்க் கழுத்துப்பட்டையில் வாரை மாட்டி இழுத்தேன். கல்லு மாதிரி நிற்கிறான். என் செருப்பைக் குத்திக்கொண்டு காலில் முள் ஏறியது. பின்னால் யாரோ, "அக்கா, தம்பி கோவிச்சுக்கிட்டாப்ல!" என்றார்கள். மறுபடியும் சிரிப்பு. எட்டு மாத வாடை, மாவுக்கட்டு, மடியில் வாந்தி, சமையல் பந்தல், எல்லாம் சேர்ந்து என் தலைக்கு ஏறியது. வாரை ரெண்டாக மடித்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

அவன் சத்தமே போடவில்லை. உடம்பு ஒருமுறை நடுங்கியது. கால் எடுக்கவில்லை. இன்னொன்று வைத்தேன். வயிறு மண்ணில் படப் படுத்துவிட்டான். மூக்கு மட்டும் அதே பக்கம்தான் இருந்தது.

அப்போது அந்தப் புல்லிலிருந்து, என் காலுக்கு ஒரு முழம் முன்னால், விர்ரென்று ஒரு பறவை கிளம்பியது. எங்கள் மாடிக் காடை மாதிரி கொழுத்தது இல்லை. சின்னது, மண் நிறம். கண்ணிமைக்கும் நேரத்தில் பனைகளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

நடுவர் மெதுவாக வந்து குனிந்து பார்த்தார். புல்லுக்குள் ஒரு சின்னப் பள்ளம். அதில் ஐந்தாறு முட்டைகள். நான் இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

"காட்டுக் காடைங்க. அடை காத்துட்டு இருந்திருக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்கம்மா, உங்க நாய் சரியாத்தானுங்க நின்னுச்சு. நீங்கதான்..." என்று ஆரம்பித்து, என் கையில் இருந்த வாரைப் பார்த்துவிட்டு மேலே சொல்லாமல் போய்விட்டார். முழுக்கச் சொல்லியிருந்தாலே தேவலை.

காட்டுப் பறவை கூடு கட்டியிருக்கும் இடத்தில் நாய்களை ஓடவிடக் கூடாது, ஃபாரஸ்ட்டுக்குத் தெரிந்தால் வம்பு என்று, அந்த இடத்திலேயே போட்டியை நிறுத்திவிட்டார்கள். இன்னும் ஒன்பது நாய்கள் பாக்கி. அவற்றின் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மதுரையில இருந்து ராவோட ராவா கெளம்பி வந்திருக்கோம். இந்தம்மாவ யாருய்யா உள்ள விட்டது?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். கோப்பையும் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பும் ஆட்டோவில் தம்பி என் மடியில் ஏறவில்லை. காலடியில் அந்த ஓரமாக ஒடுங்கிக்கொண்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "நின்னானா?"

"நின்னான்" என்றேன். கூட்டைக் கண்டுபிடித்ததைச் சொன்னதும் மனிதருக்குத் தாங்கவில்லை. கட்டிலில் கிடந்தபடியே போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "கூண்டுக் காடை இல்லப்பா, காட்டுக் காடை! கொடியத் தாண்டிப் போயி நின்னுருக்கான்!" என்று சிரித்தார். அந்தத் தொண்டர் மறுநாள் போன் பண்ணி, தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பிவிட்டது என்றும் சொன்னார். அடித்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, ஒருநாள் காலையில் நொண்டிக்கொண்டே அவனை வயலுக்குக் கூட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். அவர் மறைத்து வைத்த கூண்டைத் தம்பி கண்டுபிடித்தான். காலை மடக்கினான். பின்னால் என் செருப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், காதை ஒட்ட வைத்துக்கொண்டு மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டான்.

அவர் நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடிச்சியா?"

"ரெண்டு அடி" என்றேன்.

கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு எட்டு மாதக் கணக்கையும் கொட்டியிருப்பேன். அவர் கத்தவில்லை. அவன் பக்கத்தில் போய், வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நாளையிலருந்து நீயும் வா. நீ நின்னாத்தான் அவன் பயம் போகும்" என்றார்.

போனேன். இந்த நாய்க்காக விடிகாலை எழுந்து வயலில் நடப்பேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். ஒன்றும் பேசாமல், கையை வெறுமனே தொங்கவிட்டுக்கொண்டு, அவன் பின்னால் நிற்பேன். தினமும் படுத்துவிடுவான். வெயில் காலம் முழுக்கப் படுத்தான். சலித்துப்போய், "போதுங்க, இது ஆவுறதில்ல" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஐப்பசி மழை விழுந்து புல் முளைத்த பிறகு ஒருநாள், நான் பின்னால் இருக்கும்போதே, முழுசாக நின்றான். நான் அழுதேன், அவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

இப்போதும் போட்டிக்குப் போகிறோம். ஆனால் நிற்பதற்கு முன்னால் தம்பி ஒருமுறை தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பான். அப்படிப் பார்ப்பதற்கு மார்க்கைக் குறைக்கிறார்கள், அதனாலேயே கோப்பை தவறிப்போகிறது, வீட்டுக்காரருக்கு அதில் வருத்தம்தான். எனக்கு மார்க் போவதில் ஒன்றும் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி காட்டியவன் இன்றைக்கும் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு நிற்கிறானே, அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.