வடக்குப்பட்டில் மலைவேம்பு வெட்டிய நாள்

காலை ஏழரைக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயிலை விட்டு இறங்கினேன். ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய். நான் இங்கே வேலை பார்த்த காலத்தில் இருபது. கழுத்தில் அடையாள அட்டையுடன் நெருக்கி உட்கார்ந்த பெண்கள் ஓ.டி. சம்பளம் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். தென்காசியிலிருந்து வந்து இங்கே தங்கி, தலை ஈரம் காயாமல் ஷிப்டுக்கு ஓடிய என் நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன.

கம்பெனி லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் அமுலு அக்கா. வடக்குப்பட்டில் அவருக்கு ஒன்றரை ஏக்கர். அங்கே விளைந்த வேர்க்கடலையை அவித்து எடுத்து வருவார். சூப்பர்வைசர் பார்க்காதபோது கொறிப்போம். கடலைக்கு நடுவே மலைவேம்புக் கன்று நட்ட ஞாயிற்றுக்கிழமை நானும் போய்க் குழி தோண்டினேன். கை கொப்பளித்தது. அன்று சிரித்த சிரிப்பு பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

இன்று மரம் வெட்டுவதாக அக்கா வரச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு நிலத்தை அடைந்தபோது ரம்பச் சத்தம். நான் நட்ட குச்சிகளா இவை! அண்ணாந்து பார்த்தேன்.

“இன்னாடி, வழி மறந்துபூட்டியா?” என்று அக்கா கட்டிக்கொண்டார்.

“நல்லா இருக்கியளாக்கா? கடலையக் காணோமே?”

“மூணாம் வருசமே நெழலு வுழுந்து பாதியாப் பூடுச்சு. மரத்தப் புடுங்கிப் போடுன்னு இவுரு ஒரே சண்ட. ஒருத்தரோட ஒருத்தர் பேசல. அப்பால ஒரு வரிச வுட்டு ஒரு வரிச எடுத்தோம். கடலைக்குப் பதிலா மஞ்சள் வச்சோம். அது நெழல்ல நின்னுச்சு.”

அக்காவின் கணவர் தேவராஜ் அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காண்ட்ராக்டில் இருந்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, மகளின் காலேஜ் இரண்டாம் வருடம். மனை போடுகிறவர்கள் நிலம் கேட்டு வாசலுக்கே வந்தார்களாம். வரிசை விட்டு எடுத்த அந்த முதல் வெட்டு மரம் பிளைவுட்டுக்கு நல்ல விலைக்குப் போனது. அந்த வருடம் குடும்பம் நின்றது, நிலமும் விற்காமல் நின்றது. ஆனால் முதல் வெட்டுவரை காத்திருந்த வருடங்களில் அக்காவின் சம்பளம்தான் அடுப்பெரித்தது. அதையும் அத்தானே சொன்னார்.

மதியம் வெட்டுகிறவர்கள் கிழக்கு வரிசைக்கு நகர்ந்தார்கள். அத்தான் ஓடிப்போய் ஒரு மரத்தின்மேல் கைவைத்து நின்றார்.

“இத்த வுடுங்க. இன்னும் ரெண்டு வருசம் பெருக்கட்டும்.”

“அன்னிக்குப் புடுங்குன்ன ஆளுடி இது!” அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தானும் சிரித்துவிட்டார்.

மாலை ரயிலில் ஏறியதும் ஊரிலிருக்கும் அண்ணனை அழைத்தேன். எங்கள் நிலம் அங்கே தரிசாகக் கிடக்கிறது. அதில் மலைவேம்பு வைக்கலாம் என்றேன்.

“மரம் வச்சா வெள்ளாம கொறையுமாம்லா?” என்றான்.

“கொறையும்” என்றேன். “அத மறைக்காமச் சொன்னவங்களப் பாத்துட்டுதான் வாரேன். மழைக்கு முன்னாடி கன்னு வைக்கக் குழி வெட்டணும்ணே, நானும் வாரேன்.”