சுத்தக்காரரின் பவளத் தொட்டி

"வெளியே மழை பெய்யுது" என்று யாராவது சொன்னால், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிற ஆசாமி அவர். ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குகிற அறையில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு அத்தனை வருஷம் மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் சந்தேகப் புத்தி வராது? தெருவில் அவருக்குப் பெயர் சுத்தக்காரர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றதும் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தார். உப்புக் கரைத்த தண்ணீர், மேலே நீல விளக்கு, உள்ளே சில மீன்கள், நடுவில் ஊதா நிறத்தில் கிளைவிட்ட உயிருள்ள பவளம். சுண்டுவிரல் நுனியளவு வாங்கி வந்து, விரித்த கையளவுக்கு வளர்த்தது. காலையில் எழுந்ததும் மனைவி முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, அதைப் பார்த்துவிடுவார்.

தொட்டியையும் அவர் அறுவை அறை மாதிரியே நடத்தினார். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மர் ராப்பகலாக ஓடும். வாராவாரம் தண்ணீர் மாற்றுவார். மீனுக்குத் தீவனம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற அளவுதான். போதாததற்கு, மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் பாஸ்பேட்டை உறிஞ்சுகிற துகள்களையும் வாங்கி வடிகட்டியில் கொட்டினார். சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால், அழுக்கு இருந்தால் நிறம் வரும். அவர் குப்பியில் நிறமே வராது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, ஒரு பொட்டு அழுக்கு இல்ல!" என்பார்.

அப்படிப்பட்ட தொட்டியில் பவளம் வெளுக்க ஆரம்பித்தது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக, சாயம் போகிற சட்டை மாதிரி.

அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முதலில் உப்பு மூட்டையைச் சந்தேகப்பட்டார், கலப்படம் என்று. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அடித்த வண்ணத்தின் நெடியை. அப்புறம் மனைவி தரை துடைக்கிற திரவத்தை. அவள் வெறும் தண்ணீரில் துடைக்க ஆரம்பித்தும் பவளம் தேறவில்லை. கடைசியில் அவர் கண் மச்சினன்மேல் விழுந்தது.

மச்சினன் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல்காரனாக இருந்து, அது மூடிவிட்டதால் அக்கா வீட்டுப் பின்னறையில் ஒண்டியிருந்தான். அந்தத் துகள்கள் வாங்கிய சமயத்தில்தான் அவனும் வந்தான். ஆக, வீட்டுக்குப் புதுசு இரண்டு. துகள்மேல் இவருக்குச் சந்தேகமே வரவில்லை, அது அவரே தேர்ந்தெடுத்ததாயிற்றே!

கவனிக்கக் கவனிக்கத் தடயம் கிடைத்தது. தொட்டியின் மூடி விரற்கடை நகர்ந்திருந்தது. தரையில் ஈரச் சொட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைக் கண்டால் கல்லிடுக்கில் ஒளிகிற மீன்கள், அவன் கூடத்துக்குள் வந்தால் கண்ணாடியோரம் ஓடிவந்தன.

"உன் தம்பி தொட்டியில என்னமோ பண்றான்" என்றார் மனைவியிடம்.

"அவன் என்னங்க பண்ணுவான்? வாயில்லாப் பூச்சி."

"வாயில்லாப் பூச்சிதான்டி மரத்தையே அரிக்கும்!"

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். ஒருநாள் காய்கறி வாங்கப் போவதாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, படிக்கட்டில் நின்றுவிட்டுப் பூனை மாதிரித் திரும்பி வந்தார். கையும் களவுமாகப் பிடித்தார். மச்சினன் ஒரு கிண்ணத்தோடு தொட்டிமேல் குனிந்திருந்தான்.

"என்னடா போடுற?"

"இறால் மாமா. பொடியா நறுக்கினது. மீனெல்லாம் வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கு, பாக்கவே பாவமா இருந்துச்சு..."

"எத்தனை நாளா இந்த வேலை?"

"வந்ததுலேருந்து."

"அப்போ நீதான்! உன் எச்சில் இறாலாலதான் என் பவளம் வெளுத்துப் போச்சு, பாவி!"

"சாப்பாடுதானே மாமா போட்டேன், விஷமா போட்டேன்?"

"எனக்குத் தெரியாம போட்டா எல்லாமே விஷம்தான். கிளம்பு!"

அவன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அன்றைக்கே துணிப்பையோடு இறங்கிப் போனான். அக்காக்காரி வாசல்வரை போய்விட்டு வந்து, "நீங்களும் உங்க தண்ணியும் நல்லா இருங்க" என்றாள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

சனியன் தொலைந்தது, இனிப் பவளம் பிழைத்துக்கொள்ளும் என்று அவர் தண்ணீரை இன்னும் அதிகமாக மாற்றினார். பவளமோ மொத்தமாக வெளுத்தது. நுனிகளில் சதை உரிந்து உள்ளே எலும்பு மாதிரி வெள்ளைக் கூடு தெரிந்தது. மணல்மேல் பழுப்பாக ஏதோ வழவழவென்று படர்ந்தது. சந்தேகப்பட வீட்டில் ஆள் இல்லை. மனைவியை ஒருதரம் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் திருப்பிப் பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டார்.

வேறு வழியில்லாமல் ஒரு பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனார். கடைக்காரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நைட்ரேட்டும் இல்ல, பாஸ்பேட்டும் இல்ல. சுத்தமா பூஜ்யம் சார்."

"அதான் நானும் சொல்றேன்! என் தண்ணியில குத்தமே கிடையாது."

"அதுதான் குத்தமே. மீன் தின்னு கழிக்கிறதுல வர்ற சத்து கொஞ்சமாவது தண்ணியில இருந்தாதான் பவளம் உயிர் வாழும். நீங்க பட்டினி போட்டிருக்கீங்க. மணல்மேல பழுப்பா வழவழன்னு படருமே, அதுவும் இப்படி வெறும் தண்ணியாலதான்."

எதையோ தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று அவருக்குப் பட்டது. "சரி, இப்ப எந்த மருந்தை விக்கப் போறீங்க?"

"ஒண்ணும் வேணாம் சார். அந்தத் துகளைத் தூக்கி வெளியே போடுங்க. ஸ்கிம்மரைப் பாதி நேரம் நிறுத்தி வைங்க, தண்ணி மாத்துறதைக் குறைங்க. மீனுக்கு வயிறாரப் போடுங்க. ஒரேயடியா கொட்டிடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்." அவள் பாட்டிலை மூடியபடி யோசித்தாள். "இவ்வளவு வெறும் தண்ணியில இது எப்பவோ போயிருக்கணுமே. நடுவுல யாராவது சாப்பாடு போட்டாங்களா?"

அவருக்கு மச்சினனின் இறால் கிண்ணம் கண்முன் வந்தது. ஆனாலும் புத்தி விடுமா? இன்னொரு கடைக்குப் போய் இன்னொருத்தரிடமும் கேட்டார். அங்கேயும் அதே பதில். சுத்தம் சோறு போடும் என்பார்கள். அவர் வீட்டுச் சுத்தம், சோறு போட்டவனையே வெளியே தள்ளியிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மச்சினன் ஒரு சலவைக்கடை மாடியில் அறை எடுத்திருந்தான். இவர் வாசலில் நின்று, "தப்பு என் மேலதான் மச்சான். வீட்டுக்கு வந்துடு. உன் கையால போட்டாதான் அதுங்க திங்குது" என்றார். வாழ்நாளில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை.

அவன் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். பிறகு, "சாயங்காலமா வந்து போட்டுட்டுப் போறேன் மாமா. அக்காவையும் பாத்த மாதிரி இருக்கும். ஆனா தங்க மாட்டேன்" என்றான்.

மறுநாள் சொன்னபடி வந்தான். அக்கா முகம் மலர்ந்தது. தொட்டியருகே போனவன் மூடியைத் திறக்கவில்லை. சுத்தக்காரர் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். கிண்ணத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினான். முகத்தில் கோபமில்லை, நக்கலும் இல்லை.

"பாத்துக்கோங்க மாமா."

"ஐயோ, வேணாம்டா!" என்று அவர் பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இல்ல மாமா, பாத்துடுங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அவர் பார்த்தார். பார்த்த பிறகுதான் அவன் மூடியைத் திறந்தான்.

மெல்ல மெல்லப் பவளத்துக்கு ஊதா நிறம் திரும்பிவிட்டது. செத்த நுனிகளின்மேலும் புதுச் சதை ஏறுகிறது. மச்சினன் ஒருநாள் தவறாமல் வருகிறான். இன்றைக்கும் அவர் எதிரில் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறான்.