முப்பது பர்சென்ட் பயம்

சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பிப்ரவரி பிறந்தாலே கெட்ட காலம்தான். வருமான வரி பிடித்தம் போட்டு வசவு வாங்கிய சக ஜீவன்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிப்ரவரி லீவு

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். மறைமலைநகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. வருஷ வருமானம் ஒன்றரை லட்சத்தை நெருங்கினால் எங்கள் ஆட்கள் ஓவர்டைம் பார்க்க மாட்டார்கள். சம்பளமில்லாத லீவு போட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் மொத்தச் சம்பளத்துக்கும் முப்பது சதவீதம் வரி என்று நம்பிக்கை. இதைக் கிளப்பிவிட்டவர் கடப்பாக்கம் ராஜேந்திரன். லேத்தில் அவர் கை பட்ட சாமான் திரும்பி வந்ததே இல்லை. அப்பேர்ப்பட்டவர் ஏன் ஊரில் போய் உட்கார வேண்டும் என்று கேட்டேன்.

"வேலை செஞ்சா நஷ்டம் சார், சும்மா குந்திகினு இருந்தா மிச்சம்."

நாலு டம்ளர்

அந்த வருஷம் அவருக்கு சூப்பர்வைசர் பதவி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வெளியாளுக்குப் போய்விடும். மகளை நர்சிங்கில் சேர்க்க வழி தேடிக்கொண்டிருந்த மனிதர், வரிக்குப் பயந்து வேண்டாம் என்றார். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சதவீதக் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினார், நம்பவில்லை.

கடைசியில் கேன்டீனில் நாலு டம்ளர்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். முதல் டம்ளருக்கு வரி கிடையாது, அடுத்ததற்குப் பத்து, அதற்கடுத்ததற்கு இருபது. அதுவும் நிரம்பிய பிறகு நாலாவதில் விழுகிறதே, அதற்கு மட்டும்தான் முப்பது. முந்தின டம்ளர்களை யாரும் தொடுவதில்லை. புதுச் சம்பளத்திலும் மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்குப் பதினைந்துகூட வரியாகப் போகாது என்றேன். நாலாவது டம்ளரின் அடியில் கிடந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தினி வருசமா நான் லீவு போட்டது இன்னாத்துக்கு சார்?"

கம்பெனி பஸ்

மறுநாளே சம்மதம் எழுதிக் கொடுத்தார். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானாக இருந்தால் கம்பெனி பஸ்ஸைத் தவிர்த்து நாலு நாள் ரயிலில் போயிருப்பேன். அவரோ அன்று மாலை கம்பெனி பஸ்ஸில், அவர் பேச்சைக் கேட்டு லீவு போட்டவர்கள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"மச்சான், நான் சொன்னது தப்பு. என் பேச்சைக் கேட்டு இனிமே எவனும் லீவு போடாதீங்க. திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க."

வருஷா வருஷம் நான் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய வரி விளக்கத்தை நம்பாத பஸ், தப்பாகச் சொன்னவரே திருத்திச் சொன்னதும் நம்பிவிட்டதால், அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொள்ள எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.