பிரதர் என்றால் தம்பி

என் மாமாவின் வாயை அடைத்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

மாமா அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் கிளார்க். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு அடுத்த வீடு. ஞாயிறு பூசை முடிந்ததும் மாமியையும் என்னையும் பகல் காட்சிக்குக் கூட்டிப் போவார். எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு ஓடித் தேய்ந்த மலிவான கவ்போய் படங்கள்தான் வரும். மாமா நடுவில் உட்கார்ந்து, திரையில் பேசுகிற இங்கிலீசை மாமிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பார். முன்வரிசைக்காரர்கள்கூடத் தலையைப் பின்னால் சாய்த்துக் கேட்பார்கள்.

அன்றைய படம் அவற்றிலும் மலிவு. ஊர் என்று நாலு பலகை வீடுகள், வந்த பாறையே திரும்பத் திரும்ப வந்தது. முதல் சண்டையில் செத்தவன் இரண்டாம் சண்டையிலும் வந்து செத்தான். “அது செத்தவன்ர அண்ணன்” என்றார் மாமா, தயங்காமல். நாயகன் கொள்ளைக்காரனைப் பார்த்து ஒரு தடவை “பிரதர்” என்றான். அவ்வளவுதான். இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், தொட்டிலில் பிரிந்தவர்கள் என்று மாமா சொல்லத் தொடங்கிவிட்டார். கடைசியில் துப்பாக்கி வெடித்தபோது மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

படம் விட்டால் சந்தியில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணிக் கடை. படம் எப்படி என்று அங்கேதான் தீர்ப்பு. நானா கேட்டார், மாமா சொன்னார், கடையே வாய் மூடிக் கேட்டது. அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. பம்பலப்பிட்டியில் இங்கிலீஸ் மீடியத்தில் படிக்கிறவன் நான்.

“அவங்க அண்ணன் தம்பி இல்ல. மற்றவன் மாட்டுக்கள்ளன். மாமாவுக்கு இங்கிலீஸ் விளங்கேல்ல.”

“அவன் பிரதர் எண்டு கூப்பிட்டவனெல்லோ?” என்றார் மாமா.

“நீங்க பஸ் கொண்டக்டரைச் சிங்களத்தில மல்லி, தம்பி எண்டு கூப்பிடுறீங்க. அவன் உங்கட தம்பியா?”

கடை அதிரச் சிரித்தது. “அப்ப இவ்வளவு நாளும் எங்களுக்கு உட்டதெல்லாம் ரீலா?” என்றார் நானா. மாமாவும் சிரித்தார். தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த ஞாயிறு தியேட்டரில் அவர் பேசவில்லை. “என்னவாம்?” என்று மாமி கேட்டா. “பொடியனைக் கேளும்.” நான் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். கொஞ்ச நேரத்தில் மாமி தலையிடி என்றா, எழுந்து வந்துவிட்டோம். அதன்பின் அவர்கள் படத்துக்குப் போகவேயில்லை. மாமிக்குக் கவ்போய் படம் அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா காலமாகிப் பல வருடங்களாகின்றன. போன மாதம் அந்தப் படம் இணையத்தில் முழுதாகக் கிடைத்தது. படத்தின் கீழே, பார்த்தவர்களின் கருத்துகள். ஒருவர் பாறை எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியிருந்தார். இன்னொருவர் செத்தவன் திரும்பி வருவதைக் கண்டுபிடித்திருந்தார். எல்லோரும் கெட்டிக்காரர்கள். வாசிக்க வாசிக்க எனக்கு என் குரலே கேட்டது.

டேப்லட்டை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். மாமி மகளோடு அங்கே ஒரு ஃபிளாட்டில் இருக்கிறா. தொண்ணூறு தாண்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, மாமாவின் கதையையே தமிழில் சொல்லத் தொடங்கினேன். இருவரும் தொட்டிலில் பிரிந்தவர்கள் என்றேன்.

மாமி என் கையைத் தட்டினா. “தொட்டில்ல இல்லடா. கப்பல்ல. உனக்கு மாமாவைப் போல சொல்ல வராது.”

“மாமி, அண்டைக்கு நான் அவரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சொன்னது பிழைதான், எண்டாலும்...”

“பிழையெண்டு எனக்குத் தெரியாதே? கலியாணத்துக்கு முன்னம் கொள்ளுப்பிட்டியில ஒரு கொம்பனிக் கந்தோரில டெலிபோன் ஒபரேட்டரா இருந்தனான். விடிஞ்சா பொழுதுபட்டா வெள்ளைக்காரரோட இங்கிலீஸ்தான்.”

“பிறகேன் அவரைக் கேட்டனீங்க?”

“படம் ஆருக்கு வேணும்? அந்த மனுசன் வீட்டில வாயே திறக்காது. தியேட்டருக்குள்ளதான் என்னோட கதைச்சது.”

படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கருத்து எழுதுகிற இடம் எதுவென்று மாமி கேட்டா. காட்டினேன். தானே இங்கிலீசில் சொல்லி என்னை எழுத வைத்தா: இவர்கள் இருவரும் சகோதரர்கள், என் கணவர் சொன்னார்.

மறுநாள் எங்கிருந்தோ ஒருவர் பதில் போட்டிருந்தார். அப்படி ஒன்றும் இல்லை, படத்தை இன்னொரு தடவை கவனமாகப் பாருங்கள் என்று. மாமிக்கு டெலிபோனில் வாசித்துக் காட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தா.

“பாவம்” என்றா. “அவனுக்கு இங்கிலீஸ் மட்டுந்தான் விளங்குது.”

பத்து வயதில் எனக்கும் அது மட்டுந்தான் விளங்கியிருந்தது.