மஞ்சளுக்குத் தாங்கிய டிஸ்க்

ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று பார்க்கப் பரிபூரணத்துக்கு ஒரே வழிதான் தெரியும். தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். சேலையோ, முட்டையோ, பத்து ரூபாய் நோட்டோ, எதுவானாலும் அப்படித்தான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற மில் ஒன்றில் பத்து வருஷம் செக்கிங்கில் நின்றவள் இல்லையா. கண்ணாடி மேஜை, அதுக்கு அடியில் ட்யூப்லைட், மேலே ஓடிக்கொண்டே இருக்கும் வெள்ளைத் துணி. எங்கே ஓர் இழை விட்டிருந்தாலும் அங்கே வெளிச்சம் பொத்துக்கொண்டு வரும். அடுத்தவள் பார்த்து அனுப்பிய துணியிலும் இவள் நாலு ஓட்டையைக் காட்டுவாள். சூப்பர்வைசர் பாராட்டுவார், கூட நிற்கிற பெண்கள் வாய்க்குள்ளேயே திட்டுவார்கள். "எவன் புண்ணுலயோ ஒட்டப்போற துணி, சும்மாவா" என்பாள்.

தொண்ணூற்றிரண்டில் மில்லை விட்டுவிட்டு, புருஷன் ஞானதுரையின் பாட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். கேட்கிற பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. ஞானதுரை தங்கமான மனுஷர்தான், ஆனால் எதுக்கெடுத்தாலும் "போனாப் போகுது, விடு பூரணம்" என்கிற ஆள். இவளோ எதையும் விடுகிற ரகம் இல்லை. அந்த ரெண்டு பேரும் ஒரே கடையில் ஏழு வருஷம் குப்பை கொட்டினார்கள் என்பதே பெரிய விஷயம். தொண்ணூற்றெட்டுக் கடைசியில் கம்ப்யூட்டரும், டிஸ்க் எழுதுகிற பெட்டியும் வாங்கிப் போட்டார்கள். ஊரில் அப்போது அது புதுசு. வெறும் டிஸ்க் உள்ளே போய்ப் பாட்டோடு வெளியே வருவதைப் பார்க்கவே ஆட்கள் வந்து நிற்பார்கள்.

மறு தை மாசம் தேவதானத்திலிருந்து ஆண்டிச்சாமி என்று ஒரு விவசாயி வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு துண்டு, துண்டைப் பிரித்தால் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஒரு கேசட்.

"இதுல என் வீட்டுக்காரி முத்தாத்தா குரல் இருக்கு தாயி" என்றார். "எண்பத்தாறுல சொந்தத்துல ஒரு நலுங்கு. பொம்பளைய எல்லாம் பாடுனாங்க. கடைசியா அவ பாடுவா. பாட்டுக்கு நடுவுல எம் மகட்ட ரெண்டு வார்த்த பேசுவா. அப்ப மகளுக்கு ஏழு வயசு. அடுத்த வருஷமே வயல்ல பாம்பு கடிச்சு அவ போயிட்டா. போட்டோ இருக்கு, ஆனா போட்டோ வாயத் திறக்க மாட்டேங்குதே."

மகள் அழகுத்தாய்க்கு வைகாசியில் கல்யாணம். அம்மா பாட்டைத் தன் நலுங்கில் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாளாம். பாட்டின் வரிசையும் மாறக்கூடாது, நலுங்குப் பாட்டுக்கு என்று ஒரு முறை உண்டு, அம்மா பாட்டு கடைசியில்தான் வர வேண்டும்.

பரிபூரணம் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாடாவில் பூஞ்சை. ஒரு முறை ஓட்டியதிலேயே மெஷின் ஹெட்டெல்லாம் காவிப் பொடி. இன்னும் ஒரு தடவை ஓடினால் அதிகம். எப்படியோ அந்த ஒரு ஓட்டத்திலேயே மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, டிஸ்க்கில் எழுதிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் இடம் பற்றாது என்று அதிலிருந்ததை அழித்தும் விட்டாள். டிஸ்க்கைக் கொடுக்கையில் ஒரு பாடமும் எடுத்தாள்.

"அண்ணாச்சி, பளபளன்னு இருக்கே அடிப்பக்கம், அதுலதான் பாட்டு இருக்கு. விரல் படக்கூடாது. மேல்பக்கம் சும்மா மூடி மாதிரி. பேரு எழுதிக்கோங்க, என்ன வேணாலும் பண்ணிக்கோங்க."

அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள். டிஸ்க் விற்கிறவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். பகல் பதினொரு மணிக்குக் கடைவாசலில் ஆண்டிச்சாமி வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. மைக்செட் ஐயாதுரை வீட்டில் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மற்ற பொம்பளைகள் பாடியதெல்லாம் சுத்தமாக வந்ததாம். முத்தாத்தாள் வாயைத் திறந்ததும் விக்கல் எடுத்தது போலத் திக்கித் திக்கி நின்றுவிட்டதாம்.

"நம்பிக் குடுத்தேனே தாயி. ஊர்ல இருக்குறவ பாட்டெல்லாம் பாடுது, எம் பொண்டாட்டி பாட்டுதான் பாடலையா?" டீக்கடைக்காரர் முதல் செருப்புத் தைக்கிறவர் வரை எட்டிப் பார்த்தார்கள்.

"வேற டிஸ்க் போட்டுத் தந்துருவோம், விடுங்க" என்றார் ஞானதுரை, வழக்கம்போல.

பரிபூரணம் டிஸ்க்கை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். விளிம்பை ஒட்டி நாலு இடத்தில் நகக்கண் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. மில்லில் அவள் கையிலிருந்து இப்படி ஒரு துணி வெளியே போனதில்லை. வாங்கியபோது இதை வெளிச்சத்தில் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புதுசு என்றதும் மயங்கிவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு ஏஜெண்டிடம் அடுக்கோடு வாங்கிய டிஸ்க் அது.

"தப்பு என் பேர்ல அண்ணாச்சி. கேசட்டக் குடுங்க. கல்யாணத்துக்குள்ள முத்தாத்தா மதினி பாடுவாவ. பாடலைன்னா இந்தக் கடைய நான் திறக்கல" என்றாள். ஞானதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே அபுதாஹிர் என்று ஒரு பாய், ரேடியோ சாமான் கடை வைத்திருந்தார். நாலைந்து வகை டிஸ்க் அவரிடம் கிடைக்கும். அடிப்பக்கம் பச்சையாக இருப்பது, நீலமாக இருப்பது, தங்க நிறத்தில் இருப்பது என்று எடுத்துப் போட்டார். இவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, கடையின் ட்யூப்லைட்டுக்குக் கீழே போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சிலதில் ஊசி முனை அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. அதையெல்லாம் தனியாக ஒதுக்கினாள்.

"யக்கா, பொண்ணு பாக்க வந்தவிய மாதிரில்ல பாக்குதீய. அம்புட்டையும் பிரிச்சுட்டா நான் யாருக்கு விக்க?" என்றார் அபுதாஹிர்.

"ஓட்டை இருக்குறத ஏஜெண்டுக்கே திருப்பி அனுப்புங்க பாய். நான் பாத்துக் குடுத்தத விக்கிறதுக்கு நீங்க பயப்பட வேண்டாம்" என்றாள். கடைசியில், அவள் ஒதுக்கியதை அவர் ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

ஒரு பொட்டுகூட இல்லாததாக வகைக்குச் சிலதை வாங்கி, எழுதுவதற்குப் பச்சை டிஸ்க் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு திரும்பினாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மெஷினைத் துடைத்தாள். கேசட் உருண்டது. முத்தாத்தாள் பாடினாள், பாட்டை நிறுத்தினாள், மகளிடம் அந்த ரெண்டு வார்த்தையைப் பேசினாள், மறுபடி பாடினாள். பரிபூரணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்து கொஞ்ச தூரம் ஓடியதும் நாடா பட்டென்று அறுந்தது. இனி அந்தக் குரல் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான். 'இதை யாரும் தொடக்கூடாது' என்று காகிதத்தில் எழுதி அதன் நெற்றியில் ஒட்டினாள். இடம் இல்லாததால் மற்ற வேலையெல்லாம் நின்றது. ஞானதுரை முணுமுணுத்தார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருக்கிறதிலேயே மெதுவான வேகத்தில் வைத்து டிஸ்க்கை எழுதினாள். வெளிச்சத்தில் பிடித்தாள், சுத்தம். ஓட்டிக் கேட்டாள், ஒரு திக்கல் இல்லை. ஆண்டிச்சாமிக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவர் பத்திரிகை வைக்கக் கிளம்பிய கோலத்தில் வந்தார். பாட்டைக் கேட்டு முடித்ததும், "நல்லாருப்ப தாயி" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பத்திரிகையின் மூலையில் தடவக் குழைத்து வைத்திருந்த மஞ்சள். டிஸ்க்கை எடுத்து, அடிப்பக்கம் விரல் படாமல் அவ்வளவு பக்குவமாகப் பிடித்து, மேல்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். எதிர்ப்பக்கம் இன்னொன்று வைத்தார். மூலையே இல்லாத டிஸ்க்குக்கு நாலு மூலை.

பரிபூரணம் மூன்றாவது பொட்டுக்குப் போன கையை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, போன தடவையும் இப்படி வச்சீகளா?"

"வைக்காம? கல்யாணக் காரியம்லா. காஞ்ச பொறவு சுரண்டிட்டுத்தான் மெஷின்ல போட்டோம்."

அவள் பழைய டிஸ்க்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நாலு ஓட்டையும் நாலு பொட்டு விழுகிற அதே இடம். செத்த நேரம் பொறுத்து, புது டிஸ்க்கில் வைத்த ரெண்டு பொட்டும் காய்ந்ததும் நகத்தால் தள்ளினாள். மஞ்சளோடு ஒட்டிக்கொண்டு வெள்ளி நிறத்தில் ஒரு செதில் உரிந்து வந்தது. அடியில் வெறும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. பாட்டு அடிப்பக்கத்தில் இல்லை, மேல்பக்கத்துப் பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே ஓடுவது, விளிம்புப் பக்கம் கடைசிப் பாட்டு. அங்கேதான் மஞ்சளும்.

"அண்ணாச்சி, டிஸ்க்கும் கெட்ட டிஸ்க்கு இல்ல, நீங்களும் கெடுக்கல. மேல என்ன வேணாலும் பண்ணுங்கன்னு சொன்னது நான்தான்" என்றாள், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "மஞ்சள் மட்டும் வைக்காதீய. நான் இன்னொன்னு எழுதித் தாரேன்."

ஆண்டிச்சாமி எழுந்துவிட்டார். "மஞ்சள் படாத பொருள் எம் மக கல்யாணத்துக்கு எப்படி வரும்? அதுவும் செத்தவ குரலு. மஞ்சள் வச்சு, சுமங்கலியாத்தான் அவளப் பந்தலுக்குள்ள கூட்டிட்டுப் போவேன். இல்லைன்னா வேண்டாம்."

"வேதக்காரவியளுக்கு மஞ்சளோட அருமை என்ன தெரியும்" என்று வாசலில் எவரோ சொன்னார்கள். பரிபூரணத்துக்குச் சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான், அதுக்காக மஞ்சள் பூசிக் குளிக்காதவளா? ஆனால் எரிச்சலைவிட அந்த மனுஷர் சொன்னதுதான் மனசில் நின்றது. பொண்டாட்டியைச் சுமங்கலியாகப் பந்தலுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறவரிடம் பூச்சு, செதில் என்று என்னத்தைப் பேச?

"சரி அண்ணாச்சி. மஞ்சள் தாங்குற டிஸ்க்கா பாத்து நான் தாரேன்" என்றாள்.

"பூரணம், ஒனக்குப் பைத்தியமா? அப்படி டிஸ்க்கு எங்க விக்கிது?" என்றார் ஞானதுரை, ஆண்டிச்சாமி போனதும்.

"விக்கலைன்னா தேடணும்."

அன்றைக்கே அம்மியில் மஞ்சளை அரைத்தாள். கையிலிருந்த வகையெல்லாம் ஒவ்வொன்று எடுத்து, ஏதோ ஒரு பாட்டை நிறைய நிறைய எழுதி, நாலு மூலையிலும் பொட்டு வைத்து வெயிலில் காயவைத்தாள். வற்றல் காயப்போட்டவள் மாதிரி குடையைப் பிடித்துக்கொண்டு காக்கையை விரட்டினாள். தெருவே சிரித்தது. காய்ந்ததும் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சை போனது. நீலம் போனது. தங்க நிறம் முதல் நாள் தாங்கி, மூன்றாம் நாள் உரிந்தது. மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். மறுபடி அம்மி. மூன்றாவது தடவை போனபோது அபுதாஹிரே உள்ளே போய், தூசி படிந்த ஒரு டப்பாவை எடுத்து வந்தார்.

"இது யாரும் வாங்க மாட்டேங்காவ யக்கா. மேல வெள்ளையா, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி, மினுமினுப்பே கிடையாது. ஆனா பூச்சு கனம். நீங்க கேக்குறது இதுவா பாருங்க."

அதற்குப் பதினைந்து தடவை பொட்டு வைத்தாள். பதினைந்து தடவை காயவைத்துச் சுரண்டினாள். மேலே லேசாக மஞ்சள் கறை பிடித்தது, அவ்வளவுதான். ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கடைசிப் பாட்டு முதல் பாட்டு மாதிரியே ஓடியது. பரிபூரணம் கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். ஞானதுரை டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். இந்தத் தடவை 'விடு' என்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில், முத்தாத்தாள் பாட்டை எழுதிய வெள்ளை டிஸ்க்கில் ஆண்டிச்சாமி கடையில் வைத்தே நாலு பொட்டும் வைத்தார். ஒவ்வொரு பொட்டுக்கும் அவளைப் பார்த்துக்கொண்டார். "வைங்க அண்ணாச்சி" என்றாள். ஆனாலும் நலுங்குக்குப் போகையில், அதே பாட்டை எழுதிய, மஞ்சள் படாத ரெண்டு டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். செக்கிங்கில் நின்றவள் புத்தி போகுமா?

தேவதானத்தில், கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். அழகுத்தாய் மணையில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் மஞ்சளோடு பெண்கள் சுற்றி நின்றார்கள். ஐயாதுரை டிஸ்க்கைப் போட்டார். முதல் பாட்டுக்கு எல்லோரும் கூடவே பாடினார்கள், கேலியும் சிரிப்பும் பறந்தது. ஒவ்வொரு பாட்டாக முடிய முடியச் சத்தம் குறைந்தது. பரிபூரணம் மைக்செட்டுக்குப் பக்கத்தில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசிப் பாட்டு. முத்தாத்தாள் வாயைத் திறந்தாள். திக்கவில்லை. பந்தல் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. ஆண்டிச்சாமி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டார். நாலு அடி பாடிவிட்டு முத்தாத்தாள் சட்டென்று பாட்டை நிறுத்தினாள்.

"ஏட்டி அழகுத்தாயி, மஞ்சக் கிண்ணத்துல கைய வைக்காத. இது அந்தக் கல்யாணப் பொண்ணுக்கு. ஒனக்கும் ஒரு நாள் வரும்ல, அன்னைக்கு அம்மா வச்சுவிடுதேன்."

அழகுத்தாய் முகத்தைப் பாட்டுப் பெட்டிப் பக்கம் திருப்பி, கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் ஒருத்தரும் மஞ்சளைத் தொடவில்லை. பரிபூரணம் பையிலிருந்து கையை எடுத்தாள்.